வடிவு உட்கார்ந்த மூன்று நாட்கள்

கொடைக்கானல் பேரித்தோட்டச் சரிவில் இருக்கும் பதினோரு உணவகங்களில் எதிலாவது வடிவு என்ற பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கடையின் அடுப்புகள் அணைந்துவிடும். எழுந்தால் எரியும். மலைக்கு வரும் கார்களுக்கு இ-பாஸ் கேட்க ஆரம்பித்த வருஷம், சித்திரை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு இது முதலில் நடந்தது. அன்று கேரட் விலை இறங்கியிருந்தது, வெள்ளைப்பூண்டு ஏறியிருந்தது, ஏரியில் படகுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

சரிவில் முன்பு பேரிக்காய் மரங்கள்தான் இருந்தன. மரங்கள் பட்டுப்போய் நிலம் துண்டு துண்டாகக் கைமாறிய பிறகு யாரோ ஒருவர் ரொட்டிக் கடை வைத்தார். ஏழு வருஷத்தில் அது பதினோரு கடைகளாகிவிட்டது. விறகடுப்பில் பீட்சா சுடும் கடை, திபெத்துக் கொழுக்கட்டையை ஆவியில் வேகவைக்கும் கடை, கொரியா நூடுல்ஸ் கடை, நாற்காலிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தேடித் தேடிப் பழைய நாற்காலி வாங்கிப் போட்ட காப்பிக் கடை என்று வரிசையாக இருந்தன. சென்னை, பெங்களூரு, கொச்சியிலிருந்து வரும் இளவட்டங்கள் ஏரியைப் பார்க்காமல்கூடத் திரும்பினார்கள், இந்தச் சரிவில் சாப்பிடாமல் திரும்பவில்லை.

வடிவு பழனி அடிவாரத்தில் மெஸ் நடத்துகிறவள். வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருஷமாக விடிவதற்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்து, தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நடந்து வருகிற பக்தர்களுக்கு இட்லியும் பொங்கலும் வைத்துக் கொடுத்து, மத்தியானம் மூன்றரை மணிக்கு மிச்சம் இருப்பதைச் சட்டியிலிருந்தே எடுத்து நின்றபடி சாப்பிடுவாள். அவள் கணவர் சேனாதிபதி கல்லாவில் இருப்பார். அவருக்கு எல்லா வேளையும் சூடாக வந்துவிடும். மெஸ் கட்டடத்தின் கூரையை மாற்றுவதாகக் கட்டடத்தின் சொந்தக்காரர் பதினைந்து நாள் பூட்டச் சொன்னபோது, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்வேதா இரண்டு பேருக்கும் கொடைக்கானலில் மூன்று நாளைக்கு அறை போட்டுக் கொடுத்து, எந்தெந்தக் கடையில் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று பட்டியலும் அனுப்பினாள். கூடவே ஒரு வீடியோ. ஒரு முழு ரொட்டியின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, அதற்குள் ஆவி பறக்கக் காளான் சூப்பை ஊற்றித் தருகிறார்கள். வடிவு அந்த வீடியோவை நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள். இன்னொருத்தர் செய்து, இன்னொருத்தர் கொண்டுவந்து வைத்து, தான் உட்கார்ந்து, சூடாக அதைச் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

முதல் கடையில் அடுப்பு அணைந்தபோது சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்றார்கள். புது சிலிண்டர் மாட்டியும் லைட்டரில் பொறி வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. அரை மணி நேரம் பொறுத்து இருவரும் எழுந்ததும் நான்கு பர்னர்களும் தாமாகவே பிடித்துக்கொண்டன. பீட்சாக் கடையில் காலையிலிருந்து கனன்றுகொண்டிருந்த விறகு, வடிவு உட்கார்ந்த நிமிஷத்தில் சாம்பல் பூத்தது. விறகு ஈரம் என்று சொன்னார்கள். மூன்றாவது கடையில் இண்டக்‌ஷன் அடுப்பு. அது எரியவும் இல்லை, அணையவும் இல்லை, சும்மா குளிர்ந்து கிடந்தது. மணி இரண்டாகியும் ஒரு வாய் சூடான டீகூட வடிவின் தொண்டையில் இறங்கவில்லை. பிளாஸ்கிலிருந்து ஊற்றியது கோப்பையில் விழும்போதே ஐஸ்போல ஆகிவிட்டது.

நான்காவதுதான் சூப் கடை. அங்கே மாஸ்டராக இருந்தவர் முருகவேல், பண்ணைக்காட்டுக்காரர். அடுப்பு அணைந்ததும் அவர் பதறவில்லை. சமையலறைக் கதவுப் பக்கம் நின்று கவனித்தார். வடிவு கை கழுவ எழுந்தாள், எரிந்தது. வந்து உட்கார்ந்தாள், அணைந்தது. தண்ணீர் பாட்டில் எடுக்க எழுந்தாள், எரிந்தது. அவர் வெளியே வந்தார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க உக்காந்தா அணையுது, எந்திரிச்சா எரியுது. மூணு தடவ பாத்துட்டேன்."

"அதுக்கு நான் என்னய்யா செய்ய?"

"கொஞ்ச நேரம் உள்ள வந்து நில்லுங்க. சும்மா நின்னா போதும். பதினாலு டேபிளு ஆர்டர் கெடக்கு."

வடிவு கணவரைப் பார்த்தாள். சேனாதிபதி வயிற்றைத் தடவிக்கொண்டு, "போயேன் வடிவு. வெரசா நின்னுட்டு வந்துரு. எனக்கும் பசி தாங்கல" என்றார். தான் என்ன சொன்னோம் என்பது சாயங்காலம் வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை.

சும்மா நிற்பது வடிவுக்குத் தெரியாது. மூன்றாவது நிமிஷம் சூப் அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. கரண்டியை வாங்கிக் கிண்டினாள். அப்புறம் தட்டுகள் வர வர அனுப்பினாள். எதன்மேலோ ஓர் இலையை வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். பதினான்கு மேசையும் சாப்பிட்டு முடித்தது. சேனாதிபதி இரண்டு ரொட்டி சூப் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வடிவு வந்து உட்கார்ந்ததும் அவளுக்குரிய ரொட்டி வந்தது. கத்தரித்தது போல ஆவி நின்றது. சூப் மேல் ஆடை படிந்து, ரொட்டி விறைத்து, ஸ்பூனைப் போட்டால் நிற்கிற பதத்துக்கு ஆகிவிட்டது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

அறைக்குத் திரும்பி அவள் முகம் கழுவினாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இருவத்தாறு வருசமா நின்னேன். இங்க வந்தும் என்னய நிக்கச் சொன்னது அந்த மாஸ்டர் இல்ல. நீங்க."

இரண்டு வருஷம் முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் படுத்திருந்தபோது மெஸ்ஸில் அன்று முழுக்க அடுப்பு பற்றவில்லை என்பதும், தான் சிலிண்டர்காரனைத் திட்டி அனுப்பியதும் சேனாதிபதிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தார், சொல்லவில்லை.

சனிக்கிழமை அவர்கள் சரிவுக்குப் போனபோது செய்தி பரவியிருந்தது. காலி மேசைகளின் மேல் எல்லாம் முன்பதிவு என்று அட்டை வைத்திருந்தார்கள். கதவோரம் நின்ற பிள்ளைகள் சிரித்த முகத்தோடு இடமில்லை என்றார்கள். ஏழு கடையில் இப்படி. எட்டாவது கடையில் மேசையே கிடையாது என்றார்கள், பின்னால் ஆறு மேசை தெரிந்தது. ஸ்வேதா போனில், "அம்மா, சாலட் சாப்பிடலாம்ல? சாண்ட்விச் இருக்கு, ஐஸ்கிரீம் இருக்கு" என்று கேட்டதற்கு, "இந்தக் குளுருல பச்ச எலையத் திங்கவா மல ஏறி வந்தேன்?" என்று கேட்டுவிட்டு வடிவு போனை வைத்தாள்.

மத்தியானம் கடைக்காரர்கள் சங்கத்தின் செயலாளரும் பீட்சாக் கடையின் உரிமையாளருமான தண்டாயுதபாணி, கையில் சாக்லேட் பெட்டியோடு அறைக்கே வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. சீசன் மூணு வாரந்தான் எங்களுக்கு. என்ன வேணுமோ சொல்லுங்க, ரூமுக்கே அனுப்பிடுறேன்."

அவர் சொன்னபடியே அனுப்பிய பீட்சா ஜில்லென்று வந்து சேர்ந்தது. சேனாதிபதி கடைக்கே போய் இன்னொன்றை மூன்று துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். பிரித்தபோது துண்டு சூடாக இருந்தது, பீட்சா பனிக்கட்டியாக இருந்தது. தண்டாயுதபாணி சாயங்காலம் மறுபடி வந்து, முருகவேல் சொன்னதைக் கேட்டதாகவும், வடிவின் கைப்பக்குவத்துக்குத் தன் கடைச் சமையலறையையே ஒப்படைக்கத் தயார் என்றும், தங்குவதற்கு வீடும் தருவதாகவும் சொன்னார். வடிவுக்கு முகம் சிவந்தது.

"நான் சாப்புட வந்தேங்க. சோலி தேடி வரல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பழனி பஸ். பகல் பன்னிரண்டு மணிக்கு வடிவு விடுதி முற்றத்தில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சேனாதிபதி பின்னாலேயே பையோடு ஓடினார். சரிவின் நட்டநடுவில், ஐந்து கடை மேலேயும் ஆறு கடை கீழேயும் இருக்கிற இடத்தில், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் சத்தம்தான் நின்றது. தாளிக்கிற சத்தம், எண்ணெய் பொரிகிற சத்தம், பால் நுரைக்கிற சத்தம் எல்லாம் ஒவ்வொரு கடையாக அடங்கின. புகைபோக்கி விசிறிகள் மட்டும் வெறுமனே சுற்றின. தெருவில் முந்நூறு பேர் பசியோடு நின்றார்கள்.

கடைக்காரர்கள் வந்து சூழ்ந்தார்கள். கெஞ்சினார்கள், கோபித்தார்கள். ஒருவர் போலீஸைக் கூப்பிட்டார். வந்த ஏட்டையா என்ன குற்றம் என்று கேட்டார், உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். அதற்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, வண்டிகளை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வடிவு எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "எனக்கு ஒரு சூப்பு. சூடா. உக்காந்த எடத்துல."

"ஏ வடிவு, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் சேனாதிபதி.

"பாக்கட்டும்."

"பஸ்ஸு நாலு மணிக்கு."

"போகட்டும்."

இரண்டு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பத்தடிக்கு அந்தப்பக்கம் ஆள் தெரியவில்லை. வடிவுக்குப் பசியிலும் ஆத்திரத்திலும் அழுகை வந்தது, துடைத்துக்கொண்டாள். மூன்று மணி வாக்கில் ஏதோ ஒரு கடையில் பெரிய பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்கு அவள் முழங்கால்கள் தாமாக எழப் பார்த்தன. இருபத்தாறு வருஷப் பழக்கம். நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பற்றிக்கொண்டு, விரல் வெளுக்கும்வரை அழுத்தி, உட்கார்ந்தே இருந்தாள். இதுவரை எந்தக் கடையிலும் அவள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு மூன்று மணி நேரம் இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அதற்குமேல் நெருப்பால் பொறுக்க முடியவில்லை.

பீட்சாக் கடையின் நெருப்புத்தான் முதலில் வந்தது. படிக்கட்டில் சிவப்பாக, கிழட்டு நாய் இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கி, தெருவைக் கடந்து, நாற்காலிக்கு இடது பக்கம் வந்து நின்றது. பிறகு கேஸ் அடுப்புகளின் நீல நெருப்புகள் சாக்கடை ஓரமாக வரிசையாக வந்தன. கிடந்த சருகில் ஒன்றைக்கூட அவை தொடவில்லை. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து சூடு மட்டும் வந்தது. அது கண்ணுக்குத் தெரியவில்லை, வந்த வழியில் தார் ரோட்டின் ஈரம் மட்டும் ஒரு கோடாகக் காய்ந்தது. எல்லாம் வடிவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. மூடுபனி அவளைச் சுற்றி ஓர் ஆள் உயரத்துக்கு விலகியது.

முருகவேல்தான் முதலில் விஷயத்தைப் புரிந்துகொண்டார். மூன்று செங்கல்லும் சூப் சட்டியுமாகத் தெருவுக்கு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கல்லையும் வாணலியையும் இட்லிக் கொப்பரையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கள் கடை நெருப்பு எது என்று அவரவருக்கு அடையாளம் தெரிந்தது, சண்டை வரவில்லை. வடிவின் கண்ணுக்கு எதிரே ஒருவர் வைத்த பால் பொங்க இருந்தது. அவள் கை மேலே எழுந்தது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டாள். பால் பொங்கி வழிந்தது. வைத்தவர் துடைத்துவிட்டு வேறு பால் வைத்தார். உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை.

ரொட்டி சூப்பைச் சேனாதிபதி வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, நெருப்புகளுக்கு நடுவே வேட்டியை ஒதுக்கி, மனிதர் முதன்முதலாகப் பரிமாறுகிறவர் எப்படி நடப்பாரோ அப்படி நடந்தார். ஆவி நிற்கவில்லை. வடிவு ஒரு வாய் வைத்தாள், நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

"தண்ணி" என்றாள்.

சேனாதிபதி ஓடினார். தண்ணீர் எங்கே இருக்கும் என்று தெரியாமல் மூன்று பேரிடம் கேட்டு வாங்கி வந்தார். அவள் குடித்துவிட்டு, "மொளகு தூக்கல்" என்றாள். பிறகு நாற்பது நிமிஷம் நிதானமாகச் சாப்பிட்டாள். ரொட்டியையும் பிய்த்துத் தின்றாள். அந்த நேரத்தில் தெருவில் நின்ற முந்நூறு பேரும் சாப்பிட்டார்கள். பழனி பஸ் போய்விட்டது. ஐந்து மணிக்கு அவளாக விருப்பப்பட்டு எழுந்தபோது நெருப்புகள் அதது கடைக்குத் திரும்பின.

கூரை மாற்றி மெஸ் திறந்ததும் வடிவு காலை நேரம் கல்லாவில் உட்கார ஆரம்பித்தாள். நெருப்பு அங்கே வந்ததால் தோசைக்கல்லையும் அங்கேயே போட்டார்கள். சேனாதிபதி நான்கு மாதத்தில் தோசை சுடக் கற்றுக்கொண்டார். முதல் மாதத்துத் தோசைகளைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. பில் போடும் இடத்திலேயே தோசை கிடைப்பது வசதி என்று பக்தர்கள் சொன்னார்கள். வேறெதுவும் கேட்கவில்லை. அடிவாரத்தில் அதைவிடப் பெரிய விஷயங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மறுவருஷம் சித்திரையில் பேரித்தோட்டச் சரிவுக் கடைக்காரர்கள் ஸ்வேதாவுக்குப் போன் பண்ணித் தேதி கேட்டுக்கொண்டார்கள். அந்த நாட்களில் தெருவிலேயே சமையல் என்று அறிவித்தார்கள். அது தன்னுடைய யோசனை என்று தண்டாயுதபாணி எல்லோரிடமும் சொன்னார், யாரும் மறுக்கவில்லை. வடிவு முதல்நாள் கொழுக்கட்டையும் நூடுல்ஸும் சாப்பிட்டாள், நூடுல்ஸ் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். இரண்டாம் நாள் பீட்சா சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பாதித் தட்டிலேயே போதும் என்று தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, வாயை லேசாகத் திறந்தபடி, பட்டப்பகலில் தூங்கிப்போனாள். முருகவேல் கரண்டிச் சத்தம் கேட்காமல் கிண்டினார். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.