நான் வண்டியில் இல்லை

கல்லூரி ஃப்ரிஸ்பீ அணிக்கு அவள் கேப்டன் ஆனதற்கு ஒரே காரணம், கேப்டனைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு அவள் போகாததுதான். போனவர்கள் எல்லாரும் உஷாராக ஆளுக்கொரு சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். அன்றைக்குக் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தவளுக்கு மறுநாள் காலையில் போனில் வாழ்த்து வந்தது. யாரோ தெரியாமல் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து அவளும் நன்றி சொல்லிவிட்டாள். அதோடு முடிந்தது.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஏழு பேர் ஏழு பேராக இரண்டு அணி. கையில் தட்டு வைத்திருப்பவர் ஓடக் கூடாது, எறியத்தான் வேண்டும். மைதானத்தின் கடைசியில் கோடு போட்டு ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் கால் பதித்துப் பிடித்தால் ஒரு பாயின்ட். நடுவர் என்று ஒருவர் கிடையாது. கால் உள்ளேயா வெளியேயா, இடித்தாயா இல்லையா என்பதையெல்லாம் ஆடுகிறவர்களே மனசாட்சியைக் கேட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

அந்த மனசாட்சியால்தான் போன வருஷம் வம்பு வந்தது. அரையிறுதி ஆட்டம், பதினாலுக்குப் பதினாலு. அடுத்த பாயின்ட் எடுப்பவருக்கு வெற்றி. அணியிலேயே உயரமானவள், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள், பாதி மைதானத்தைத் தாண்டி ஒரு வீச்சு வீசினாள். இவள் எகிறிப் பிடித்து, உருண்டு எழுந்தாள். எதிரணிப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து, "கால் உள்ளயா, வெளியவா?" என்று மரியாதையாகக் கேட்டான். இவள் "வெளிய" என்றாள். மைதானமே கை தட்டியது. ஆட்டம் போயிற்று. நேர்மைக்கென்று இவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கல்லூரி அதைச் சட்டம் போட்டு விளையாட்டு அறையில் மாட்டியது.

நெட்டை அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள். பதினோரு மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் டாக்டர் மூலமாக வரும். டாக்டர் என்பது கால்நடை மருத்துவம் படிக்கிற ஒரு பையன். அணியில் யாருக்குக் கால் பிசகினாலும் கன்றுக்குட்டிக்குப் போடுகிற மாதிரிதான் கட்டுப் போடுவான். "கேப்டன், இடது பக்கம் வெட்டி ஓடினா தட்டு வந்து சேரும்னு சொல்லச் சொன்னாங்க" என்பான். நெட்டை நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். கேப்டன் இடது பக்கம் வெட்டி ஓடுவாள். தட்டு வந்து சேரும். ஆட்டத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒற்றுமை.

இந்த வருஷப் போட்டி நானூற்று இருபது கிலோமீட்டர் தள்ளி. கல்லூரிப் பேருந்தைப் பாட்டுக் குழு கொண்டுபோய்விட்டது. கேப்டனின் சித்தப்பா ஒரு முதியோர் இல்லத்தில் டிரைவர். மேலாளரிடம் கெஞ்சிக் கேட்டு இல்லத்து வேனை மூன்று நாளைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். நல்ல வேன். ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு கைப்பிடி, ஏறி இறங்கத் தாழ்வான படி, சக்கர நாற்காலி மாட்ட ஒரு இடம். ஒரே ஒரு குறை, அறுபதுக்கு மேல் போகாது. போகக் கூடாதென்று உள்ளேயே ஏதோ பூட்டு வைத்திருந்தார்கள்.

இன்னொரு குறை சித்தப்பாவிடம் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை எங்கேயாவது ஒரு பாத்ரூம் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்.

"யாருக்கும் வேணாம் சித்தப்பா, போங்க."

"இப்ப வேணாம்பாங்க. பத்து நிமிஷம் கழிச்சு அவசரம்பாங்க. பன்னெண்டு வருஷமாப் பார்க்கறேன். கைப்பிடியப் பிடிச்சு மெதுவா இறங்குங்க."

இருபது வயசுப் பிள்ளைகள் ஏழு பேரும் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினார்கள். ஏழு பேர்தான். எட்டாவது ஆளுக்கு அம்மை போட்டிருந்தது. ஏழில் ஒன்று குறைந்தாலும் ஆடவிட மாட்டோம் என்று போட்டி நடத்துகிறவர்கள் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் சரிபார்க்கிற வேலையைக் கேப்டன் தன் தலையில் போட்டுக்கொண்டாள். முன்சீட்டில் உட்கார்ந்து, திரும்பாமலே, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்பாள். "இருக்கோம்" என்று சத்தம் வரும். வண்டி புறப்படும்.

மூன்றாவது நிறுத்தம் ஒரு பெட்ரோல் பங்க். அங்கேயும் அப்படித்தான் கேட்டாள். அப்படித்தான் சத்தம் வந்தது.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் தெரியாத எண்ணிலிருந்து அவளுக்கு ஒரு அழைப்பு. யாராவது கடன் வேண்டுமா என்று கேட்பார்கள் என்று துண்டித்தாள். மறுபடி வந்தது. துண்டித்தாள். மூன்றாவது முறை கொஞ்சம் கோபமாகத் துண்டித்தாள். வண்டி கிளம்பி ஐம்பது நிமிஷம் ஆகியிருக்கும், அதே எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"நான் வண்டியில் இல்லை."

கேப்டன் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி சீட்டில் நெட்டையின் பை இருந்தது, சார்ஜில் போட்ட போன் இருந்தது. நெட்டை இல்லை. பக்கத்து சீட்டில் டாக்டர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். 

"சித்தப்பா, நெட்டைய விட்டுட்டு வந்துட்டோம்."

சித்தப்பா பதறவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியில் பார்த்து, நிதானமாக வண்டியைத் திருப்பினார். "எங்க இல்லத்துல சகஜம்மா. ஒரு தடவை கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றப்ப வேற இல்லத்துக்காரர் ஒருத்தரையும் சேர்த்து ஏத்திட்டு வந்துட்டேன். அவருக்கு இங்க பிடிச்சுப்போச்சு. இன்னும் இருக்கார்."

"கொஞ்சம் வேகமாப் போக முடியாதா?"

"அறுபதுல போறேனே."

திரும்பிப் போகிற ஐம்பது நிமிஷமும் கேப்டன் என்னென்னவோ யோசித்தாள். இவ்வளவு நேரம் ஒருத்தி இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. மற்ற ஐந்து பேரில் யார் வாய் மூடியிருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நெட்டை விஷயம் வேறு. இவள் கேட்கிற கேள்விக்கு அவள் பதில் சொல்லாமல் இருப்பதுதான் வழக்கம். இருந்தாலும் சத்தம் வராது, இல்லாவிட்டாலும் சத்தம் வராது.

பங்கில் காற்றுப் பிடிக்கிற இடத்தில், நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நெட்டை உட்கார்ந்திருந்தாள். முழங்கால் கிட்டத்தட்ட மோவாய் வரைக்கும் வந்திருந்தது. பக்கத்தில் பங்கில் வேலை பார்க்கிற அக்கா ஒரு லாரி டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். அந்த அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் அந்த 'வெளிய'ன்னு சொன்ன பொண்ணா?"

கேப்டன் நெட்டையைப் பார்த்தாள். நெட்டை டயரைப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரமா இவளுக்கு வேற என்ன வேலை, எல்லாம் சொல்லிட்டா" என்றார் அக்கா. "மூணு தடவை போன் போட்டேன், எடுக்கல நீ. நல்ல பழக்கம்."

"கடன் குடுக்கறவங்கன்னு நினைச்சேன்க்கா."

நெட்டை எழுந்து நின்றாள். பதினோரு மாதம் கழித்து முதல் வார்த்தை வந்தது. "எண்ணத் தெரியாதா உனக்கு?"

"எல்லாரும் இருக்கீங்களான்னு கேட்டேன்டி."

"நான் இருக்கேன்னு சொன்னேனா?"

"நீ எப்பவும்தான் சொல்றதில்ல."

நெட்டை யோசித்துப் பார்த்தாள். அதில் நியாயம் இருப்பதாக அவள் முகத்தில் தெரிந்தது. "சரி" என்றாள்.

"நீ ஏன் எனக்குப் போட்ட? டாக்டருக்குப் போட்டிருக்கலாமே."

"உன் நம்பர் ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம். ஃபர்ஸ்ட் இயர்ல உன் போன் தொலையற நேரமெல்லாம் கையில கிடைச்ச போன்லேர்ந்து உனக்குப் போட்டுத் தேடுவேன். அடிச்சு அடிச்சு நம்பர் ஒட்டிக்கிச்சு. மறக்க ட்ரை பண்ணினேன். முடியல."

கேப்டனுக்கு என்னவோ செய்தது. வேனுக்குள் ஐந்து பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு பார்ப்பது தெரிந்தும், இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள்.

"கால் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுடி."

"என்னது?"

"நான் தட்டைத்தான் பார்த்துட்டு இருந்தேன். காலைப் பார்க்கவே இல்ல. அந்தப் பையன் கேட்டான். எல்லாரும் என் மூஞ்சியவே பார்த்தீங்க. உள்ளன்னு சொன்னா ஏமாத்தற மாதிரி இருக்கும்னு பட்டுச்சு. டக்குனு வெளியன்னுட்டேன். அதுக்குப் போய் நேர்மைன்னு சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க. விளையாட்டு ரூம் பக்கம் போறப்பல்லாம் அது என்னைப் பார்த்துச் சிரிக்குது. தெரியலன்னு சொல்றதுதானே நேர்மை?"



"உள்ளதான் இருந்துச்சு" என்றாள் நெட்டை. "ஒரு சாண் உள்ள. நான் நேரா பார்த்தேன்."

கேப்டனுக்குக் குப்பென்று கோபம் வந்தது. "அப்ப சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எல்லாரும் கை தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அத்தனை பேர் கை தட்டறப்ப நடுவுல புகுந்து, இல்லங்க, எங்களுக்குப் பாயின்ட் குடுங்கன்னா கேக்கறது? தொறந்த வாய மூடிட்டேன். அப்புறம் உன்னைப் பார்த்தா எனக்கு என் மேலதான் எரிச்சலா வரும். நாளாக நாளாக எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியாமப் போச்சு."

"பதினோரு மாசமா?"

"முதல் மாசம்தான்டி கஷ்டம். அப்புறம் பழகிடுச்சு."

அக்கா குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். "ரெண்டும் நல்ல ஜோடிதான்" என்றார். "கிளம்புங்க, லாரிக்காரர் வண்டிய வெளிய எடுக்கணும்."

மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு இருபது. மூன்று மணி ஆட்டத்தை எதிரணி ஆடாமலே ஜெயித்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தது. பெயர் பதிகிற மேஜையில் உட்கார்ந்திருந்தவன், போன வருஷம் இவளிடம் கேள்வி கேட்ட அதே பையன். அவனைப் பார்த்ததும் கேப்டன் ஒரு முடிவுக்கு வந்தாள். ஏழு பேர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே நின்றாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். போன வருஷம் என் கால் வெளிய இல்ல. உள்ள இருந்துச்சு. எனக்கு அப்பத் தெரியல. இப்பதான் தெரிஞ்சுது."

அவன் பேனாவை மூடினான்.  "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க" என்றான் வருத்தமாக. "உங்களை ஜெயிச்சுட்டு நாங்க ஃபைனலுக்குப் போனோம். பதினஞ்சுக்கு ரெண்டுன்னு தோத்தோம். எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் பார்க்க வந்திருந்தாங்க. நீங்களே போயிருக்கலாம்."

"மன்னிச்சுக்கங்க."

"பரவால்ல. சாப்பாடு அந்தக் கொட்டகைல. சீக்கிரம் போங்க, தீர்ந்துடும்."

மறுநாள் சனிக்கிழமை மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவது அந்தப் பையனின் அணியோடு. சித்தப்பா கோட்டோரம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யார் வேகமாக ஓடினாலும் "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தார். எதிரணிக்காரர்கள் இரண்டு பேர் அதைக் கேட்டு நிஜமாகவே வேகத்தைக் குறைத்தார்கள்.

ஆனால் பழைய ஒற்றுமை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பேசாதிருந்தபோது பிசகாமல் வந்த தட்டு, பேச ஆரம்பித்ததும் எங்கெங்கேயோ போனது. ஏழுக்குப் பத்து என்று இருக்கும்போது நெட்டை வீசிய தட்டு ஒன்று கேப்டனுக்கு எதிர்த்திசையில் போய் விழுந்தது.

"இடது பக்கம்னு கை காட்டினேனே!" என்றாள் கேப்டன்.

"நீ காட்டினது உன் இடது. எனக்கு அது வலது."

"ஒரு வருஷமா என் இடதுதானே உனக்கு இடது?"

"அது டாக்டர் மாத்திச் சொல்லிட்டு இருந்தான்டி!"

அங்கேயே மைதானத்தின் நடுவில் நின்று ஆரம்பித்துவிட்டார்கள். இடது வலதிலிருந்து பேச்சு கிளம்பி, அறையில் யார் ஜன்னலைத் திறந்து போட்டது, யாருடைய குடையை யார் தொலைத்தது, மேல்மாடிக்குப் போகும்போது இஸ்திரிப் பெட்டியை ஏன் கொண்டுபோனாள் என்று போய்க்கொண்டே இருந்தது. எதிரணி புல்லில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பையன் டாக்டரிடம் வந்து, "ஏதாவது ஃபவுலாங்க? நாங்க ஏதாவது பதில் சொல்லணுமா?" என்று கேட்டான்.

"இல்லைங்க. பதினோரு மாசம் பாக்கி. கொஞ்சம் நேரம் ஆகும்" என்றான் டாக்டர். நிம்மதியாக அவனும் உட்கார்ந்தான். அவனுக்கு அன்றோடு ஒரு வேலை குறைந்தது.

அந்த ஆட்டம் பதினைந்துக்குப் பதினொன்று என்று கையை விட்டுப் போனது. ஆட்டம் முடிந்ததும் வரிசையில் நின்று எல்லாரும் எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த கேப்டன், நிமிராமலே கேட்டாள்.

"மறுபடி கீழ எப்ப வர்ற?"

"உன் ரூம்ல இப்ப யாரோ இருக்காளே."

"பரீட்சை முடிஞ்சதும் போயிடுவா. தூக்கத்துல பாடறா."

"நல்லாப் பாடுவாளா?"

"ம். அதான் தூங்கவே முடியல."

நெட்டை குழாயைத் தன் பக்கம் திருப்பித் தலையைத் தண்ணீரில் காட்டினாள். நாலு மணிக்கு மூன்றாவது ஆட்டம் இருந்தது. எதிரணியில் மூன்று பேருக்கு வயிறு சரியில்லை. உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்துதான் ஆடினார்கள். சித்தப்பா அவர்களுக்குப் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கை காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் நம்முடையவர்கள் ஜெயித்தார்கள். பன்னிரண்டு அணியில் பத்தாவது இடம்.