பதினாலு செருப்பு

ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லை. ஸ்கூட்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு ஓடிவந்து, பட்டாசுக் கம்பெனி கேட்டைத் தட்டினாள் தஹ்மீனா.

"ரோஷினிக்குக் காய்ச்சல் கொதிக்குது. அவ அம்மா முத்துச்செல்வியைக் கூப்பிடுங்க. நான் ஸ்கூல் டீச்சர்."

பொய். ரோஷினி இரண்டாம் வகுப்பில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள்.

காலையில்தான் வகுப்பில் தஹ்மீனா ஒரு படப் புத்தகத்தை விரித்திருந்தாள். கல்யாண வீட்டு வாசல் நிறையச் செருப்பு. உள்ளே எத்தனை பேர்? இரண்டாம் வாய்ப்பாட்டுக்கு அதைவிட நல்ல படம் கிடையாது. பிள்ளைகள் ஜோடி ஜோடியாக விரல் வைத்து எண்ணினார்கள். ரோஷினி மட்டும் கையைத் தூக்கினாள்.

"எங்கம்மா வேலை பாக்குற ரூம் வாசல்ல பதினாலு செருப்பு கெடக்கும் டீச்சர். லீவுல தூக்குச்சட்டி கொண்டு போனப்ப வேலி வழியா எண்ணுனேன். அப்ப உள்ள ஏழு பேரு. சரியா?"

கணக்கு சரி. ஆனால் அந்த ஏழுதான் தப்பு. வெடிமருந்து அடைக்கிற அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்பது வெம்பக்கோட்டைப் பக்கம் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஒரு பொறி விழுந்தால் ஏழு பேரும் தப்ப முடியுமா? தீபாவளி சீசன் வேறு.

வாட்ச்மேன் அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போனான். ஓர் ஆளைக் கூப்பிட இம்புட்டு நேரமா? கடைசியில் வந்தது போர்மேன் செல்வக்குமார். வாயெல்லாம் பல்.

"நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க டீச்சர். இங்கன ஒளிவுமறைவே கெடையாது."

"நான் அதைக் கேக்கவே இல்லையே சார்?"

பல் மறைந்தது.

அறைச் சுவரில் 'ஆட்கள் 4' என்று பெயிண்டில் எழுதியிருந்தது. உள்ளே நாலே பெண்கள். முத்துச்செல்வி வெள்ளிப் பொடி அப்பிய கையோடு மிரண்டு நிமிர்ந்தாள். தஹ்மீனா வாசலைப் பார்த்தாள். உரசினால் ஆபத்தென்று மருந்து ரூமுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. ஆளை ஒளித்தவன் அவர்கள் கழற்றிப்போட்டதை மறந்துவிட்டான். ஏழு ஜோடி.

"இதெல்லாம் யாரு செருப்பு?"

"பழசு டீச்சர். தூக்கிப் போடணும்."

பழசா? ஒன்றில் விலைச் சீட்டுகூட இன்னும் உரியவில்லை.

தஹ்மீனா முத்துச்செல்வியை வெளியே கூட்டிவந்து, கேட்டில் போனைப் பிடுங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில்தான் நின்றாள்.

"மன்னிச்சிருங்க. ரோஷினி நல்லாத்தான் இருக்கா. மிச்ச மூணு பேரு எங்க? இங்கனயே நின்னு தாசில்தாருக்குப் போன் போடுறேன். ஆள் வர்ற வரைக்கும் நகர மாட்டேன்."

"அய்யோ, நிக்காதீக டீச்சர்!" முத்துச்செல்வி அவளை ஸ்கூட்டிப் பக்கமாகத் தள்ளினாள். "அசலாளு வந்தா எப்பவும் இதான் நடக்கும். மிச்ச ஆளுகள வெடி அடுக்குன குடோனுக்குள்ள தள்ளி வெளிய பூட்டிருவாக. நீங்க கெளம்புனாத்தான் தெறப்பாக!"