பொட்டு வைத்த பிராக்கெட்

ஸ்கூடாய் லாரி யார்டில் கமலநாதன் பொட்டு வைத்துவிட்டால் அந்தப் பாகம் புதுசு என்று அர்த்தம். இதை யாரும் விதியாக எழுதி ஒட்டவில்லை. எழுதி ஒட்டியிருந்தால் இவ்வளவு ஒழுங்காக யாரும் பின்பற்றியிருக்கவும் மாட்டார்கள். பிரேக் கட்டையோ, டயரோ, கண்ணாடி துடைக்கிற ரப்பரோ, எதை மாற்றினாலும் போர்மன் கமலநாதன் சட்டைப் பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுப்பார், கிரீஸ் விரலால் ஒரு பொட்டு வைப்பார். ஓட்டுநர்கள் குனிந்து பொட்டைப் பார்ப்பார்கள், நிமிர்வார்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். லியாக்கத் அலி பாயின் லாரிக்கு முதன்முதலில் வைக்கும்போது மட்டும் கமலநாதனுக்குக் கை தயங்கியது.

“வச்சு உடுங்க போர்மன், லாரி என்ன தொழுகைக்கா போவுது?” என்றார் பாய்.

ரூபேந்திரனுக்கு அந்தப் பொட்டின்மேல் மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதல் பக்தி. கமலநாதன் அவனுடைய அக்கா பிரேமலாவின் கணவர். லாரி லைசென்ஸ் எடுக்க வைத்தது அவர், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவர், ஷாமளாவைப் பெண் பார்க்கப் போனபோது “எங்க பையன் பீர் வாசனையே அறியாதவன்” என்று முகத்தில் ஒரு சதை ஆடாமல் சொன்னதும் அவர்தான். அந்த முகத்தை ரூபேந்திரன் அன்றைக்கே கொஞ்சம் உற்றுக் கவனித்திருக்கலாம். மாப்பிள்ளைக் களையில் விட்டுவிட்டான்.

இந்த நிலையில், லாரியைச் செய்த கம்பெனிக்குத் திடீரென்று மனசாட்சி பிறந்தது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டையை லாரியின் சட்டத்தோடு பிடித்துவைக்கிற பிராக்கெட் சில வண்டிகளில் விரிசல் விடலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், தாமதிக்க வேண்டாம் என்று அறிவித்தது. யார்டில் அப்படிப்பட்ட வண்டிகள் மூன்று: ஐயாசாமியுடையது, லியாக்கத் பாயுடையது, ரூபேந்திரனுடையது. மூவரையும் நிற்கவைத்துக் கமலநாதன் விளக்கினார்.

“அது உட்டுருச்சுன்னா அச்சு நவுந்துரும். நீ ஒரு பக்கம் ஒடிப்பே, வண்டி அதுக்குப் புடிச்ச பக்கம் போவும்.”

“எங்க வூட்டுப் பையன் மாரியா?” என்றார் ஐயாசாமி.

“உங்க பையன் மோதுனா அவன் மட்டும்தான் அடிபடுவான். இதுல செம்பனைக் குலை இருக்கும்லா, முழு லோடு.”

அந்த வார முடிவுக்குள் மூன்று லாரிகளின் அடியிலும் புத்தம்புதுக் கறுப்பு மினுங்கியது. மூன்றிலும் பொட்டு. யார்டு முதலாளி தவுக்கே போனில் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினார். ரூபேந்திரன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், வண்டியை எடுத்தான். பெக்கான் நானாஸ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றுவது, சிம்பாங் ரெங்கம் மில்லில் கொட்டுவது, வெறும் வண்டியாக ஸ்கூடாய் திரும்புவது. வழக்கம்போல எல்லாம் நடந்தது.

வழக்கத்துக்கு மாறாக நடந்தது ஒன்றே ஒன்று. பெக்கான் நானாஸில் வீடு இருப்பதால், ரூபேந்திரன் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் தொற்றிக்கொள்கிறவர் கமலநாதன். அவருக்கு இடுப்பு வலி வந்துவிட்டது.

“லாரி சீட்டு ஒத்துக்கல மச்சான். நான் பஸ்லயே வந்துர்றேன்.”

பஸ் சீட்டில் என்ன மருந்து தடவியிருக்கிறார்கள் என்று ரூபேந்திரன் கேட்கவில்லை. மாமாவை அப்படிக் கேட்கும் வழக்கம் அவனிடம் இல்லை. போன வாரம் ஷாமளாவும் பிரேமலாவும் ஸ்கூடாய்க்குச் சேலை எடுக்க வந்து, சேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, லாரியிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று யார்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கமலநாதன் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

“நீ என்னோட பஸ்ல வா. லாரி உனக்குத் தலை சுத்தும்.”

ஷாமளாவின் பைகளை அவரே தூக்கிக் கொடுத்தார். கேட் வரை நடந்து வந்து கை காட்டினார். “மெதுவா போ மச்சான்,” என்றார்.

“பாத்தியா, பாசத்த?” என்று ரூபேந்திரன் ஷாமளாவிடம் பெருமையடித்துக்கொண்டான். அவளும் ஜன்னலில் தலையை நீட்டித் திரும்பக் கை காட்டினாள்.

இன்று சனிக்கிழமை. மத்தியானம் யார்டின் பின்புறம் லாரியை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தான். செம்பனை எண்ணெய்ப் பிசுக்கும் செம்மண்ணும் சேர்ந்தால் சும்மா தண்ணீருக்கு அசையாது. பம்ப் குழாயின் வேகத்தைக் கூட்டி அடிப்பக்கம் பீய்ச்சினான். முதலில் பொட்டு கரைந்தது. பரவாயில்லை, கரைகிற சாமான்தான். அடுத்துப் பொட்டுக்குக் கீழே இருந்த கறுப்புப் பெயிண்ட் ஒரு தோலாக உரிந்து வந்தது. உள்ளே மூன்று வெள்ளைக் கோடுகள்.

அந்தக் கோடுகளை ரூபேந்திரனுக்கு நன்றாகத் தெரியும். போன ஆயுத பூசைக்கு அவனே போட்டது. திருநீறு ஜொகூர் மழைக்குத் தாக்குப்பிடிக்காது என்று வெள்ளைப் பெயிண்டாலேயே பட்டை போட்டிருந்தான். மூன்றுதான் போட்டான். இப்போது அந்த மூன்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு, அவன் போடாத நாலாவது கோடு ஒன்று மேலிருந்து கீழே இறங்கியிருந்தது. விரல் நகத்தை வைத்தான். நகம் உள்ளே போனது.

பம்பை நிறுத்தினான்.

“மாமா, கொஞ்சம் இங்க வாங்க.”

கமலநாதன் வந்தார், குனிந்தார். இடுப்பு வலிக்காரர் இவ்வளவு லாவகமாகக் குனிவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

“அலமாக், போச்சு,” என்றார் மெதுவாக.

“இது என்னோட பட்டை மாமா.”

“ரெண்டு வண்டிக்குத்தான் சாமான் வந்துச்சு மச்சான். மூணாவது கப்பல்ல வருதாம். அதுவரைக்கும் வண்டிய நிறுத்துனா லோடு போயிரும், முடியாதுன்னு தவுக்கே ஒத்தக்கால்ல நின்னாரு. நான் என்ன செய்ய?”

“அதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?”

கமலநாதன் அவனை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு எளிதான விஷயம்கூடவா புரியவில்லை என்கிற பார்வை.

“ஐயாசாமி மச்சினன் ஜே.பி.ஜே.ல, போக்குவரத்து இலாகால இருக்கான். ஒரு போன் போதும், யார்டயே இழுத்து மூடிருவான். பாய் பத்திச் சொல்லவே வேணாம், டீ ஆறிப்போனாலே போன எடுத்து பேஸ்புக்ல லைவ் போடுறவரு. நீ அப்புடியா? நீ நம்ம ஆளு. ஒண்ணும் சொல்ல மாட்டே.”

பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்துகிற குரல் அது. ரூபேந்திரனுக்கு ஒரு கணம் நன்றி சொல்லிவிடுவோமோ என்றுகூட இருந்தது. பழக்க தோஷம்.

“செத்துப்போயிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் மாமா.”

“சேச்சே, வாயக் கழுவு.”

“ஷாமளா ஏறுனப்ப நின்னு கை காட்டுனீங்க.”

“மெதுவாப் போன்னு சொன்னேன்ல?”

அந்த வார்த்தையைத்தான் அவன் பாசம் என்று ஷாமளாவிடம் பெருமையாகக் காட்டியிருந்தான். அவன் லாரியின் முன்பக்கம் நடந்து போய், பயணி பக்கத்துக் கதவை அகலத் திறந்துவிட்டான்.

“ஏறுங்க மாமா. வெறும் வண்டிதான், லோடு இல்ல. பெக்கான் நானாஸ்ல எறக்கி உடறேன். மெதுவாவே போறேன்.”

கமலநாதன் படியைப் பார்த்தார். இருக்கையைப் பார்த்தார். பெல்ட் தொங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். கை தானாகவே முதுகுக்குப் போனது.

“இடுப்பு...”

“தெரியும் மாமா.”

வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. ரூபேந்திரன் திரும்பி வந்து, அவருடைய சட்டைப் பைக்குள் மரியாதையோடு இரண்டு விரல்களை விட்டுச் சிமிழை எடுத்தான். ஈர விரலில் குங்குமத்தைத் தொட்டு அவர் நெற்றி நடுவில் ஒரு பொட்டு வைத்தான். அவரும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஆச்சு. இனிமே உங்களயும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

சிமிழை மூடிப் பையில் திரும்ப வைத்தான். பிறகு ஏறி உட்கார்ந்து லாரியை நகர்த்தினான். ஓர் ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. கேட் வரைக்கும் போய், உள்ளே ஒன்றும் வராமல் வெளியே ஒன்றும் போகாமல் குறுக்கே நிறுத்தி, சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினான். தவுக்கேயின் அலுவலக ஜன்னல் படாரென்று திறந்தது.

கமலநாதன் நெற்றிப் பொட்டோடு ஓடி வந்தார். ஓட்டத்திலும் இடுப்பு நன்றாகத்தான் இருந்தது.

“மச்சான், குடும்ப விசயம் இது. உங்க அக்காவக் கொஞ்சம் நெனச்சுப் பாரு.”

“நீங்க நெனச்சுப் பாத்தீங்களே மாமா. அதான் அவங்கள ஏத்தல.”

ரூபேந்திரன் அவரைத் தாண்டி, கேண்டீன் மேசையில் ஆறிப்போன டீயை முறைத்துக்கொண்டிருந்த லியாக்கத் அலியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“பாய், உங்க போன்ல சார்ஜ் இருக்கா?”