பின்னால் போன கால்

நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, செருப்பைக் கழற்றச் சொன்னதுமே பாதி அலுவலகத்துக்கு முகம் சுண்டிவிட்டது. கணக்குப் பிரிவு அதிகாரி, கிழிந்த காலுறையை மறைக்க ஒரு கால் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு தள்ளாடினார். பயிற்சி நடத்த வந்திருந்த ஆட்ட டீச்சருக்கு இதெல்லாம் பார்த்துப் புளித்துப்போன கூத்து. உட்கார்ந்து கேட்ட பாடம் வாசலைத் தாண்டாது, உடம்பு கற்றதுதான் கடைசிவரை கூட வரும் என்று பதினான்கு வருடமாக அலுவலகம் அலுவலகமாகப் போய்ச் சொல்லி வருபவள் அவள். கூடவே கணவனும் வருவான். செய்து காட்ட ஓர் ஆள் வேண்டுமே.

நான்கு மாதமாக வகுப்பே இல்லை. இன்றுதான் மறுபடி.

நான்கு மாதத்துக்கு முன் அவன் தங்கள் மகளுக்குச் சைக்கிள் பழக்கினான். ஒரு வாரம் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினான். "புடிச்சுக்கிட்டே இருந்தா அவ உடம்பு எப்பக் கத்துக்கும்? கைய விடுங்க," என்று ஜன்னலில் இருந்து சொன்னவள் இவள்தான். விட்டான். குழந்தை நன்றாகத்தான் ஓட்டினாள். தெருமுனைவரை ஓட்டினாள். அங்கே ஒரு வேன் திரும்பியது.

அவன் மேல் தனக்குக் கோபம் ஒன்றுமே இல்லை என்று அன்றிலிருந்து தினமும் சொல்லி வந்தாள். சாப்பாடு போடும்போது சொன்னாள், இன்று காலை பஸ்ஸிலும் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். அவன் தலையை ஆட்டுவான். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

கடைசிப் பயிற்சி, சாய்வது. கண்ணை மூடி, கட்டை மாதிரி பின்னால் சாய வேண்டும். பின்னால் நிற்பவர் தாங்கிக்கொள்வார். நம்பாதவருக்கு ஒரு கால் தானாகப் பின்னால் போய்விடும்.

"வாய் என்ன வேணாலும் சொல்லும். நீங்க காலப் பாருங்க," என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி நின்று சாய்ந்தாள்.

கால் பின்னால் போயிற்று.

தரை வழுக்குகிறது என்று சமாளித்தாள். மறுபடி சாய்ந்தாள், மறுபடியும் போயிற்று. மூன்றாவது முறை பல்லைக் கடித்து, முழங்காலை விறைத்து, இவனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே சாய்ந்தாள். பாழாய்ப்போன கால் கேட்கவில்லை. அதிகாரிகூடத் தன் காலுறையை மறந்து அவள் காலையே பார்த்தார்.

திரும்பினாள். நீட்டிய கைகளை அவன் இன்னும் மடக்கவில்லை. இல்லங்க என்று ஆரம்பித்தாள்.

"பரவால்ல. நீ பின்னாடி வா, நான் சாயறேன்," என்றான்.

அவள் வந்து நின்றதும், தயாரா என்றுகூடக் கேட்காமல் சாய்ந்தான். குதிகால் இம்மியும் அசையவில்லை. அந்தக் கனத்தை அவளால் தாங்க முடியவில்லை. அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ சொன்னா நான் யோசிக்கவே மாட்டேன்," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அன்னைக்கும் யோசிக்கல."

விடச் சொன்னது நீதானே என்று நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பயிற்சி முடிந்தது என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள்.