தொப்பியை விட்டு இறங்காத நாணல் குருவி

உலகத்தில் பதினொன்றே மிச்சமிருந்த நீலமூக்கு நாணல் குருவிகளில் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு இருபதுக்கு மீட்டர்காரரின் தலையில் வந்து உட்கார்ந்தது. இன்றுவரை இறங்கவில்லை. அவரைத் தவிர எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

மீட்டர்காரர் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குனிந்து படித்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே, ஞாயிறுதோறும் ஏரியைச் சுற்றி நடந்து பறவை பார்க்கும் குழுவில் சேர்ந்தார். வானத்தைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் குனிந்து பழகிய கழுத்து அண்ணாந்து பார்க்க மறுத்துவிட்டது, நேராகப் பார்ப்பதோடு சரி. அவர் பார்க்க விரும்பியதும் ஒரே ஒரு பறவையைத்தான்: நாணல் குருவி. அதற்கென்றே மனைவி காய்ந்த நாணல் நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தாள். "இதப் போட்டுட்டு நில்லுங்க, புதருன்னு நெனச்சுப் பக்கத்துல வரும்" என்றாள், கேலியாகத்தான். குருவிக்குக் கேலி தெரியாது.

குழுவை நடத்தியவர் விசில் டீச்சர். பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தபோது அவர் ஊதிய ஊதலில் மைதானத்துக்கு மேலே போன மேகம் ஒன்று நின்று திரும்பிப் பார்த்ததை அந்தத் தெருவே பார்த்தது. அவருடைய விதிகள் இரண்டு. அரிய பறவையைக் கண்டால் வாய் திறக்காமல், விரல் நீட்டாமல், கையை மட்டும் உயர்த்த வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை உயர்த்தினால்தான் பதிவேட்டில் ஏறும். அன்று காலை ஒன்பது பேரும் மீட்டர்காரரைப் பார்த்தபடி கையை உயர்த்தினார்கள். "என்ன, இன்னிக்கு இவ்வளவு மரியாதை?" என்று அவரும் பதிலுக்குக் கையை உயர்த்திவிட்டு நடந்தார்.

அந்தக் குருவிக்கு நிழல் கிடையாது. பதினொன்றே மிச்சமுள்ள இனம் நிழலை வேறு வைத்துக்கொண்டு அலையுமா? எடை ஒரு கடிதத்தைவிடக் குறைவு. பாட்டு மட்டும் உண்டு. அது பாடும்போதெல்லாம் மீட்டர்காரர் சட்டென்று பின்னால் திரும்புவார், பாட்டும் கூடவே திரும்பும், மறுபடி திரும்புவார். "ரொம்பப் பக்கத்துல இருக்குய்யா, ரொம்பப் பக்கத்துல!" என்று பம்பரமாய்ச் சுற்றுவார். சந்தேகம் வந்து தலையைத் தடவிவிடக் கூடாதே என்று மற்ற ஒன்பது பேரும் கூடவே சுற்றுவார்கள். ஏரியைச் சுற்றி வரத் தலைசுற்றலோடு மூன்று மணி நேரம் ஆனது.

அடுத்த வாரம் ஜோடி வந்தது. தொப்பியில் இரண்டு முட்டைகள். இரண்டு வாரத்தில் பொரிய வேண்டியவை அவசரப்படாமல் ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டன. தச்சர் ஒருவர் தெருவிலுள்ள வாசல் நிலைகளையெல்லாம் ஒரு சாண் உயர்த்தினார். முடிதிருத்துபவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொப்பிக்குக் கீழே மட்டும் கத்தரித்தார். காற்றுகூட அந்தத் தெருமுனை வந்ததும் இறங்கி நடந்தே போனது. தலையில் குளிர் ஏறினால் கண்ணுக்கு ஆகாது என்று மனைவி ஒரு பொய்யைச் சொல்லி, தொப்பியைக் கழற்றவிடாமல் பார்த்துக்கொண்டாள். சுவர்க் கண்ணாடி உடைந்துபோனது என்றாள். கதவின் உட்புறம் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோவைப் பூட்டி, சாவி தொலைந்துவிட்டது என்றாள். ஐந்து வருஷமும் அவருக்கு அவளே சவரம் செய்துவிட்டாள்.

ஐந்தாம் வருஷம் கண்ணைப் பற்றிய பொய் மட்டும் மெய்யாயிற்று. அவர் கண்களில் இரண்டு ஓரத்திலிருந்தும் இருட்டு உள்ளே நகர்ந்து வந்தது. சரிசெய்ய வழியில்லை, இந்த மாதக் கடைசி வரைதான் என்றார் கண் டாக்டர். மனைவி நேராக டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"தெரிஞ்சா கைய வச்சுடுவாரும்மா," என்றார் டீச்சர். "தடவிப் பாக்காம இருக்க முடியுமா அவரால? முட்டை போயிடும்."

"முட்டைக்கு அவகாசம் இருக்கு டீச்சர். அவர் கண்ணுக்கு இல்லயே."

வாழ்க்கையில் முதல்முறையாக டீச்சர் ஒருத்தரைத் தடுக்க விசிலைத் தேடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடைக்குக் கிளம்பும் முன் மனைவி அவரை பீரோ முன்னால் நாற்காலியில் உட்காரவைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "கைய ரெண்டையும் எங்கிட்ட குடுங்க. என்ன ஆனாலும் உருவக் கூடாது" என்றாள். "ஏம்மா, கல்யாணம் பண்ணப் போறியா மறுபடி?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். தொலைந்த சாவி பூட்டிலேயே தொங்கியது. அவள் கதவைக் காலால் இழுத்துத் திறந்தாள்.

அவருக்கு மிச்சமிருந்த பார்வை ஒரு தட்டளவு. அந்தத் தட்டுக்குள் தொப்பி இருந்தது, தொப்பிமேல் நீல மூக்கோடு குருவி இருந்தது. அதுவும் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தது. அவர் கத்தவில்லை, தொடவில்லை, விதி தெரிந்தவர். கையை மட்டும் உயர்த்தினார். அதை அவள் இறுக்கிப் பிடித்திருந்ததால் அவள் கையும் கூடவே உயர்ந்தது. அப்போதுதான் இரண்டு முட்டைகளும் வேர்க்கடலை உடைகிற சத்தத்தோடு பொரிந்தன.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அஞ்சு வருஷமா இதப் பாத்துக்கிட்டேவா எனக்கு ஷேவ் பண்ணே?" என்றார்.

"பின்ன? நீங்க ஒரு தும்மல் போட்டிருந்தா என் உயிரே போயிருக்கும்."

மீட்டர்காரர் கண்டதும் பதிவேட்டில் ஏறுமா, பிடித்துக்கொண்டு உயர்ந்த கைகள் ஒன்றா இரண்டா என்று குழு மூன்று வாரம் விவாதித்தது. நான்காம் வாரம் டீச்சர் விசில் ஊதி, இரண்டு என்று பதிவேட்டில் எழுதினார். கண்ட இடம்: தலை.

மாதக் கடைசியில் டாக்டர் சொன்னபடியே இருட்டு வந்து சேர்ந்தது. குஞ்சுகளில் ஒன்று மனைவியின் கொண்டைக்கும் இன்னொன்று டீச்சரின் கூடைத்தொப்பிக்கும் குடிபோயின. உலகக் கணக்கு இப்போது பதின்மூன்று. ஞாயிறுதோறும் மீட்டர்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றுகிறார். குருவி பாடினால் அவர் திரும்புவதில்லை. மற்றவர்கள்தான் பழக்கதோஷத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு நடக்கிறார்கள்.