முதல் பிறந்தநாள் இன்னும் முடியவில்லை

என் முதல் பிறந்தநாள் விழா இருபத்தாறு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கல்யாண மண்டபத்தில். குழந்தை இன்னும் எதையும் எடுக்கவில்லை. குழந்தை நான்தான்.

அப்பா கொரியாக்காரர். பெயர் யூன் தேசிக். கார் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவுக்கு வந்தவர். அம்மா தேன்மொழி, அதே தொழிற்சாலையின் கேன்டீன் சூப்பர்வைசர். அப்பா ஊர் வழக்கப்படி, ஒரு வயதுக் குழந்தைக்கு முன்னால் ஒரு மேசையில் பொருள்களைப் பரப்புவார்கள். குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் வாழ்க்கை. நூல்கண்டு எடுத்தால் நீண்ட ஆயுள். பென்சில் எடுத்தால் படிப்பு.

அம்மா பக்கத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா? மாமா ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகத்தை வைத்தார். சித்தி ஆடியோ கேசட் வைத்தாள். யாரோ மல்யுத்த வீரர்கள் படம் போட்ட சீட்டுக்கட்டை வைத்தார்கள். அப்பாவின் நண்பர்கள் விடுவார்களா, அவர்கள் பங்குக்குக் கொரிய பாடகிகளின் ஸ்டிக்கர், நூடுல்ஸ் உறை, சின்ன வயதில் தரையில் அடித்து விளையாடிய மடித்த காகித அட்டை என்று குவித்தார்கள். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். கையை நீட்டவில்லை.

"பொறுமையா எடுக்கட்டுங்க" என்றார் அப்பா. அன்றிலிருந்து எல்லாரும் பொறுமையாக இருக்கிறார்கள்.

அப்பா செத்து ஒன்பது வருடமாகிறது. அது வெளியில். மண்டபத்தில் அவருக்கு முப்பத்து நான்கு வயது. மேசைக்கு அந்தப் பக்கம் முட்டி போட்டு, கண்ணில் கேமராவை வைத்துக்கொண்டு இருக்கிறார். விருந்தாளிகள் யாருக்கும் வயதாகவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஆகிறது, உயிரோடு இருப்பதால். அவள் தட்டில் அப்பா ஊர்ப் பிறந்தநாள் வழக்கமான கடற்பாசி சூப்பையும் கேசரியையும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். விழா முடியாமல் வீட்டுப் பெண் உட்காரக் கூடாதாம்.

நான் எடுத்தால் அப்பா படம் பிடிப்பார். படம் பிடித்தால் விழா முடியும். முடிந்தால் எல்லாரும் கிளம்புவார்கள், அப்பாவும். அதனால்தான் எடுக்கவில்லை. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஆனால் திருடியிருக்கிறேன். அப்பா ஃபிலிம் சுருள் மாற்றும்போது எடுத்தால் அது எடுத்ததில் சேராது. அப்படி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பலகையில் ஒட்டினேன். பாட்டுப் புத்தகத்தின் மேல் நூடுல்ஸ் உறை. மல்யுத்த வீரனுக்குக் கொரியப் பாடகியின் தலை. மேலே கொஞ்சம் வண்ணம். கேலரிகள் கூப்பிட்டன. பத்திரிகையில் "இரு பண்பாட்டின் ஏக்கம்" என்று எழுதினார்கள். ஏக்கமாவது மண்ணாவது. அத்தனையும் திருட்டுச் சாமான்.

ஒவ்வொரு திருட்டுக்கும் வாசலிலிருந்து மேடைக்கு உள்ள தூரம் கூடியது. இப்போது உள்ளே ஷேர் ஆட்டோ ஓடுகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மண்டப மேனேஜர் கோதண்டம் என்னை ஆட்டோவிலிருந்து இறங்கவிடவில்லை. கையில் ஒரு படிவம்.

"குழந்தை வந்திருக்கா?"

"நான்தான்."

"வயசு?"

"தமிழ்க் கணக்குல இருபத்தேழு. கொரியக் கணக்குல பொறந்தப்பவே ஒண்ணு, அதனால இருபத்தெட்டு."

"மண்டபக் கணக்குல ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார். "மேசைல ஒரே ஒரு சாமான்தான் மிச்சம். சாமானே இல்லாத மேசைக்கு மண்டபம் குடுக்க மாட்டோம். இன்னைக்கு எடுத்துரும்மா. வெளிய கல்யாண வீட்டுக்காரங்க வாழமரத்தோட நிக்கிறாங்க."

"நான் எடுக்க மாட்டேன்."

"அப்ப குழந்தை வரலைன்னு எழுதிடறேன். வராத குழந்தைக்கு அப்பா கிடையாது."

அவரை விலக்கிக்கொண்டு இறங்கினேன். மேடைக்குப் போனேன்.

மேசையில் நூல்கண்டு மட்டும் இருந்தது. அம்மாவின் கால்கள் வீங்கிச் செருப்பின் வாரை மூடியிருந்தன. நான் குனிந்து பார்த்தேன். இதற்கு முன் பார்த்ததில்லை. அல்லது பார்த்துவிட்டுப் பார்க்காதமாதிரி இருந்தேன்.

"எடுத்துருடி" என்றாள் அம்மா.

"எடுத்தா அப்பா போயிருவாரும்மா."

"எனக்கு மட்டும் அனுப்ப மனசா? அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் நிக்கிறேன். ஆனா முடியலடி. கால் வலிக்குது."

அப்பா கேமராவை இறக்காமல் சிரித்தார். தொழிற்சாலையில் தமிழ் கற்றவர். யாரையும் நீ, வா, போ என்று சொல்லத் தெரியாது.

"எடுங்க பாப்பா, எடுங்க."

விருந்தாளிகள் கை தட்டத் தயாரானார்கள். நான் கையை நீட்டினேன். கை நூல்கண்டைத் தாண்டிப் போனது. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தது. கேமரா தானாகக் கிளிக் என்றது.

கோதண்டம் படிவத்தில் "பொருள்: அப்பா" என்று எழுதினார். பிறகு யோசித்தார்.

"இவரு மேசை மேல இல்லியே."

"மேசைக்குப் பின்னால இருந்தாரு."

"பின்னால இருக்கிறத எடுக்கலாம்னு விதி இல்ல."

"எடுக்கக் கூடாதுன்னு இருக்கா?"

அவர் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அதுவும் இல்ல" என்று முத்திரை குத்தினார்.

விருந்தாளிகள் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள். அம்மா தட்டைக் கீழே வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்து "அப்பாடா" என்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா என் கையில் லேசாகிக்கொண்டே வந்தார். கடைசியில் சினிமா போஸ்டர் அளவு கனம் இருந்தார். சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் அவருக்குத் தனி ஆளாகக் கட்டணம் கேட்கவில்லை.

மைதா பசை காய்ச்சி அவரைப் பெரிய பலகையில் ஒட்டினேன். முகம் ஒட்டியது. முட்டிகள் ஒட்டின. வலது தோள் மட்டும் ஒட்டவில்லை. கையை எடுத்தால் எழும்பியது. அந்தப் பக்கமாக அவர் முழுவதுமே உரியப் பார்த்தார். உள்ளங்கையால் அழுத்தினேன். அழுத்தினால் இருக்கிறார்.

கேலரியில் பலகையை மாட்டும்போதும் கையை எடுக்கவில்லை. கண்காட்சி தொடங்கிப் பதினொரு நாளாகிறது. வருகிறவர்கள் என்னையும் படைப்பில் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பொருள் விவரச் சீட்டில் "காகிதம், பசை, மகள்" என்று அச்சடித்திருக்கிறார்கள். அம்மா மதியம் டப்பாவில் சோறு கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்ந்து ஊட்டுகிறாள்.

"இன்னும் எத்தன நாளுடி?"

"ஈரம் காயலம்மா."

அவள் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். அது என்றைக்கோ காய்ந்திருந்தது. டப்பாவை மூடிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு என் உள்ளங்கைக்குக் கீழிருந்து அப்பா பேசினார். மெதுவாக, மரியாதையாக.

"வலிக்குதுங்க, பாப்பா."

"இன்னும் கொஞ்ச நேரம்தான்ப்பா" என்று சொல்லி, இன்னொரு கையையும் வைத்து அழுத்தினேன்.