நாலு லிட்டர் நடை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு முற்றத்துப் புல்லை ஒழிக்க ஒரு தெளிப்பான் வாங்கினேன். கூட வந்த தாளில் ஒரு வரி: ‘அடுத்தவர் நடைக்கு எடுத்த அளவை நீங்கள் பயன்படுத்தாதீர்கள்.’ புல் இன்னும் அப்படியே நிற்கிறது. அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

2
பரந்த வெங்காய வயலில் அவள் தன்னந்தனியாக— (வேண்டாம். அழுகை வாடை.)

களைக்கு மருந்தடிக்க அவள் பம்பை முதுகில் மாட்டினாள். புருஷன் செத்து ரெண்டு மாசம். பம்பு மூடியில் அவன் பெயிண்டால் எழுதிய ‘4’ இருந்தது. நூறு சதுர மீட்டருக்கு நாலு லிட்டர், அவன் நடைக்கு. அவன் நெட்டைக்கால். இவளோ ஆமை. மெதுவாக நடந்தால் மருந்து கூட விழும். கூடினால் வெங்காயம் கருகும். கருகினால் வருஷம் முழுக்க அடுப்பு எரியாது.

கொழுந்தன் கிடங்கு முன்னால் பத்துக்குப் பத்து மீட்டர் கோடு போட்டான். பத்து லிட்டர் பச்சைத்தண்ணி ஊற்றினான். அவள் அடித்து முடித்ததும் மீதியை அளந்தான். ஆறு. செலவானது அதே நாலு.

“அண்ணி, ஓடினீங்களா?”

“ஓடுற மூஞ்சியைப் பாரு! எப்பவும்போலத்தான் நடந்தேன்.”

(நாசிலில் அடைப்பு என்று ஒரு விளக்கம் வைத்திருந்தேன். கொழுந்தன் அதைப் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டான். மறுபடியும் ஆறு. என் விளக்கம் போச்சு.)

3
மூன்றாம் தடவை கொழுந்தன் தரையையே பார்த்தான். அவள் பாதி தூரம்கூட வரவில்லை. அதற்குள் கடைசிக் கோடு வரைக்கும் நனைந்துவிட்டது. அப்புறம், பம்பில் ஆறு லிட்டர் இருந்தும், எவ்வளவு அடித்தும் ஒரு சொட்டு வரவில்லை.

“இறக்கிடுங்க அண்ணி.” அவன் கோட்டைவிட்டுப் பின்வாங்கினான். “உங்க நடைக்கு அளவு எடுக்காம வயல்ல இறங்கினா பயிர் போயிடும்.”

“எடுத்தா அவர் போயிடுவாரு தம்பி.”

அழுதுவிட்டாள். அவள் புருஷனைக் கொன்றது நான்தானே? காரணம்கூடச் சொல்லாமல், ஒரே வரியில்.

‘செத்து ரெண்டு மாசம்’ என்ற அந்த வரியை அடித்துவிட்டுப் பார்த்தேன். அவன் எழுந்து வந்து பம்பை மாட்டிக்கொண்டான். அவளைக் காணோம். வீட்டில் எந்த அறையிலும் இல்லை. பதறிப்போய் வரியைத் திரும்ப எழுதினேன்.

4
நாலுக்கே மருந்து கலந்து அவள் இறங்குவதாக ஒரு முடிவு எழுதினேன். நூறு சதுர மீட்டருக்கு அவளோடு நடந்தவன் வயல் முழுக்க வருவான் என்று யார் உத்தரவாதம் தருவது? கிழித்துவிட்டேன்.

“நீங்க நில்லுங்க, நான் மட்டும் நடந்துக்கிறேன்.” இதை அவள் வாய்விட்டுச் சொன்னால் போதும். சரியான அளவு வந்துவிடும், வெங்காயம் பிழைக்கும். சொல்லவைக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் சொல்லவைப்பீர்களா? சீக்கிரம் முடிவெடுங்கள். கனத்தை முதுகில் சுமந்துகொண்டு நிற்கிறாள்.